காஞ்சிபுரமா, ராமநாதபுரமா? இரண்டாவது கடைக்கு எந்த அரசுப் புள்ளிவிவரம் கைகொடுக்கும்

என் அக்கா மகன் மதுரையில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் வியாபாரம். இரண்டாவது கடைக்கு இரண்டு ஊர்களை மனதில் வைத்திருந்தான்: காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர், இல்லையென்றால் ராமநாதபுரம். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் போனில் ஓர் அட்டவணையைக் காட்டினான். மாவட்ட வாரியாகத் தலைக்கு வருமானம். "காஞ்சிபுரம் எங்கேயோ மேல இருக்கு மாமா, ராமநாதபுரம் ரொம்பக் கீழ. இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?" என்றான்.

யோசிக்க நிறைய இருந்தது. அட்டவணை அரசு வெளியிட்டதுதான், அதில் பிழையும் இல்லை. ஆனால் அது அவனுடைய கேள்விக்கான பதில் இல்லை. ஃபிரிட்ஜ் விற்பவனுக்குத் தெரிய வேண்டியது ஒரு மாவட்டத்தில் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதல்ல, அங்கே குடியிருக்கிறவர்கள் கையில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பது. வங்கியில் பல வருடம் காலாண்டுக் கணக்குகளை நிரப்பி அனுப்பியவன் என்பதால், அவனோடு உட்கார்ந்து கிடைக்கிற அரசுக் கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

முதலில் அவன் காட்டிய எண். அதற்கு மாவட்ட உள்நாட்டு உற்பத்தி என்று பெயர். தமிழ்நாட்டில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை இதைத் தயாரிக்கிறது. மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தியை விட இது தாமதமாக வரும். வருமானம் எந்த மண்ணில் உருவாகிறதோ அந்த மாவட்டத்தின் பேரில் எழுதுவதுதான் இதன் முறை. நெய்வேலியில் தயாராகும் மின்சாரம் கடலூர் மாவட்டக் கணக்கில் ஏறும், கூடங்குளத்து மின்சாரம் திருநெல்வேலி கணக்கில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தயாராகிற காரும் செல்போனும் காஞ்சிபுரத்துக் கணக்கு. அந்தத் தொழிற்சாலையின் லாபம் கொரியாவுக்குப் போகிறதா, தைவானுக்குப் போகிறதா என்று இந்தக் கணக்கு கேட்காது. தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து வேலை பார்த்துவிட்டு அரக்கோணத்துக்கோ தாம்பரத்துக்கோ திரும்புகிறவரின் உழைப்பும் காஞ்சிபுரத்தில்தான் எழுதப்படும். அவர் ஃபிரிட்ஜ் வாங்குவது அரக்கோணத்தில்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து செல்போன் தொழிற்சாலை வேலைக்கு வரும் பெண்கள். அவர்கள் உருவாக்குகிற மதிப்பு முழுவதும் காஞ்சிபுரத்தின் தலைக்கு வருமானத்தை உயர்த்துகிறது. சம்பளத்தில் பெரும்பகுதி மாதாமாதம் சொந்த ஊருக்குப் போய்விடுகிறது. விடுதி அறையில் யாரும் வாஷிங் மெஷின் வாங்கி வைப்பதில்லை. இதைச் சொன்னதும்தான் அக்கா மகன் போனைக் கீழே வைத்தான்.

ராமநாதபுரத்தில் கதை நேர் எதிர். கீழக்கரை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அவர் அனுப்புகிற பணத்தில் வீடு எழும்பும், ஏசி மாட்டுவார்கள், நகை வாங்குவார்கள். ஆனால் அந்தப் பணம் துபாயில் சம்பாதித்தது என்பதால் மாவட்ட உள்நாட்டு உற்பத்திக்குள் வராது. ஒரு மாவட்டத்தின் எண்ணில் அங்கே தங்காத பணம் சேர்ந்திருக்கிறது, இன்னொரு மாவட்டத்தின் எண்ணில் அங்கே புழங்கும் பணம் விடுபட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கடைக்காரர் ஏமாந்துபோவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த எண்ணை மாவட்டத்தில் யாரும் எண்ணிப் பார்த்து எழுதுவதில்லை. விவசாயம் போன்ற சில துறைகளுக்கு மாவட்ட அளவில் நேரடி விவரம் உண்டு. சேவைத் துறைகள் பலவற்றுக்கு மாநில மொத்தத்தை எடுத்து, வேலை செய்வோர் எண்ணிக்கை போன்ற ஓர் அளவுகோலை வைத்து மாவட்டங்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். நேர்மையான முறைதான், கையில் இருக்கும் விவரத்தை வைத்துச் செய்யக்கூடியதும் அதுதான். ஆனால் பங்கு பிரித்த எண் வேறு, எண்ணிப் பார்த்த எண் வேறு. கடை போடுவது போன்ற ஒரு முடிவுக்கு, நான் முடிந்தவரை எண்ணிப் பார்த்ததையே தேடுவேன்.

மாநில எண்ணும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2024-25-இல் தமிழ்நாட்டின் வளர்ச்சி 9.69 சதவீதம் என்று முதலில் வந்தது. சில மாதங்களில் அதுவே 11.19 சதவீதம் ஆனது. இரண்டையும் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. என்ன நடந்தது என்று உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நிலையான விலையில், அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 2024-25-க்கான உற்பத்தி 17,23,698 கோடி ரூபாயிலிருந்து 17,32,189 கோடியாகத் திருத்தப்பட்டது. அரை சதவீதம்கூட ஏறவில்லை. அதே நேரம் முந்தைய ஆண்டான 2023-24-இன் எண் 15,71,368 கோடியிலிருந்து 15,57,821 கோடியாகக் குறைந்தது. மேலே கொஞ்சம் ஏறி, கீழே அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இறங்கியதால் வளர்ச்சி ஒன்றரை சதவீதப் புள்ளி கூடித் தெரிந்தது. திருத்துவது தப்பில்லை. பின்னால் வரும் முழுமையான விவரங்களைச் சேர்த்துக்கொள்வதுதான் சரி. நாம் கவனிக்க வேண்டியது, இரண்டு வெளியீடுகளிலிருந்து ஆளுக்கொரு ஆண்டை எடுத்து ஒட்டிவிடக் கூடாது என்பது. ஒரே நாளில் வந்த ஒரே அட்டவணைக்குள் இருந்து எல்லா ஆண்டுகளையும் எடுக்க வேண்டும். எந்த ஆண்டின் விலையை வைத்துக் கணக்கிடுகிறார்களோ அந்த அடிப்படை ஆண்டு மாறும்போது இது இன்னும் முக்கியம். 2011-12-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரையும் 2022-23-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடரையும் ஒரே கோட்டில் இணைத்து வரைந்தால் வருகிற வளைவுக்கு அர்த்தம் கிடையாது.

எந்தக் காஞ்சிபுரம்?

பத்து வருடப் போக்கைப் பார்க்கலாம் என்று அவன் சொன்னபோது நான் கேட்ட கேள்வி இது. 2011 கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 39.98 லட்சம். இன்றைய காஞ்சிபுரம் எல்லைக்குள் அதே 2011-இல் இருந்தவர்கள் சுமார் 11.66 லட்சம் மட்டுமே. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. சரி, செங்கல்பட்டையும் சேர்த்துக் கூட்டினால் பழைய காஞ்சிபுரம் கிடைத்துவிடுமா? அதுவும் கிடைக்காது. 2018-இல் சென்னை மாவட்டம் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பகுதிகள் காஞ்சிபுரத்திலிருந்து போய்விட்டன. பழைய மகாபலிபுரம் சாலையின் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பலவும் அதோடு போயின. இதைத் தெரியாமல் 2015-ஐயும் 2022-ஐயும் ஒப்பிட்டால், ஒரே பெயரில் இருக்கும் இரண்டு வேறு இடங்களை ஒப்பிடுகிறோம்.

ராமநாதபுரம் இந்த விஷயத்தில் வசதியான மாவட்டம். 1985-இல் விருதுநகரும் சிவகங்கையும் பிரிந்த பிறகு எல்லை பெரிதாக மாறவில்லை. விழுப்புரம், வேலூர், திருநெல்வேலி, நாகப்பட்டினம் பற்றிப் பார்க்கிறவர்கள் 2019, 2020 ஆண்டுகளில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. 2011-இல் 32 மாவட்டங்கள், இப்போது 38.

செலவுக் கணக்கும் டிவி கணக்கும்

வருமானத்தை விட்டுவிட்டுச் செலவையே பார்த்தால் என்ன? மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு அதற்குத்தான். 2023-24-இல் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு 5,701 ரூபாய், நகரத்தில் 8,165 ரூபாய். நாட்டளவில் கிராமம் 4,122, நகரம் 6,996. இந்த நான்கு எண்களில் எனக்குப் பிடித்தது தமிழ்நாட்டுக் கிராமத்தின் எண்தான். நம் கிராமம் நாட்டின் நகரத்துக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. நீண்ட நாள் உழைக்கும் பொருட்களுக்கு எவ்வளவு போகிறது என்றும் இதில் தனியாக உண்டு. நாட்டளவில் அது மொத்தச் செலவில் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம். அந்தத் தலைப்புக்குள் நகையும் வண்டியும் சேர்ந்திருப்பதால் கடைக்காரர் அதை அப்படியே தன் சந்தை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என் அக்கா மகனின் கேள்விக்கு மிகப் பொருத்தமான கணக்கெடுப்பு இதுதான். ஆனால் இது மாதிரிக் கணக்கெடுப்பு. மாநிலத்துக்கு நம்பிப் பயன்படுத்தலாம். ஒரு மாவட்டத்தில் எடுத்த வீடுகள் மிகக் குறைவு என்பதால் அங்கே இறங்கினால் எண் தள்ளாடும். மூல விவரக் கோப்பை இறக்கி மாவட்டத்தைப் பிரித்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை வீடுகளை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வார்டு வரைக்கும், கிராமம் வரைக்கும் போகும். வீட்டில் டிவி உண்டா, இருசக்கர வண்டி உண்டா, கார் உண்டா என்று 2011 கணக்கெடுப்பில் கேட்டார்கள். ஃபிரிட்ஜ் கேட்கவில்லை. டிவி வைத்திருந்த வீடுகள் இந்திய அளவில் 47 சதவீதம், தமிழ்நாட்டில் 87. வெளி மாநில ஆய்வாளர் ஒருவர் இதைப் பார்த்துத் தமிழ்நாட்டின் வசதியை அளக்க முயன்றால் தவறிவிடுவார். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை வீட்டுக்கும் டிவி கொண்டுவந்து சேர்த்தது. அது நல்ல காரியம். ஆனால் அதற்கப்புறம் இங்கே டிவி ஒரு வீட்டின் வருமானத்தைக் காட்டும் அடையாளம் இல்லை. 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறிக்கும் இதே நிலைமை. காரும் இருசக்கர வண்டியும் இன்னும் பேசும். ஆனால் அந்தக் கணக்கு பழசாகிவிட்டது. 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், மக்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரிக்குக் குறிக்கப்பட்டது.

வங்கியில் கிடக்கும் பணம்

எனக்கு மிகவும் பழக்கமான கணக்கு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாட்டின் ஒவ்வொரு வணிக வங்கிக் கிளையும் தன்னிடம் உள்ள வைப்புத்தொகை எவ்வளவு, கொடுத்த கடன் எவ்வளவு என்று காலாண்டுக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கிறது. ரிசர்வ் வங்கி அதை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. அதன் தரவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பணம் கிடையாது. மாதிரி எடுப்பது, பங்கு பிரிப்பது எதுவும் இதில் இல்லை. புத்தகத்தில் இருக்கும் ரூபாய். சில மாதத் தாமதத்தில் வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.இ. கணக்கில் கிடக்கும் பணமும் இதற்குள் உண்டு. மாவட்ட உள்நாட்டு உற்பத்தி பார்க்காமல் விட்ட கீழக்கரைப் பணம் இங்கே கண்ணுக்குத் தெரியும்.

மாவட்டத்துக்குள்ளும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிளை இருக்கும் ஊரின் மக்கள்தொகையை வைத்து, 10,000-க்குக் கீழ் கிராமப்புறம், 10,000 முதல் 1 லட்சம் வரை சிறுநகரம், 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை நகரம், அதற்கு மேல் பெருநகரம் என்று வகை பிரித்திருப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரிய ஊரான பரமக்குடியே 2011-இல் 95,579 பேர்தான். எனவே அங்கே சிறுநகர வரிசையைத் தனியாக எடுத்தால் பரமக்குடி, ராமநாதபுரம், கீழக்கரை போன்ற ஊர்களின் பணம் கிராமங்களிலிருந்து பிரிந்து தெரியும்.

குறைகளும் உண்டு. கம்பெனிகளின் பணம், அரசுத் துறைகளின் பணம் எல்லாம் வைப்புத்தொகைக்குள் கலந்திருக்கும். தொழிற்சாலை மாவட்டத்தில் அந்தக் கலப்பு அதிகம். வங்கியில் பணம் கிடக்கிறது என்பதற்காகச் செலவழிப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. பெண் கல்யாணத்துக்காகப் பூட்டி வைத்த பணமாகவும் இருக்கும். கடன் எண்ணில் இன்னும் கவனம் வேண்டும். நம் மாநிலத்தில் நகைக்கடன் மிகுதி. விவசாயத்துக்கு என்று எழுதி வாங்கும் நகைக்கடனும் அதில் அடக்கம். அதனால் கடன் கூடியிருக்கிறது என்றால் வியாபாரம் செழிக்கிறது என்றும் இருக்கலாம், வீட்டில் நெருக்கடி என்றும் இருக்கலாம். பெரிய கம்பெனியின் கடன் சென்னைக் கிளையில் வழங்கப்பட்டு ஓசூரில் செலவாகும். ஆகவே அவனுடைய தேவைக்கு வைப்புத்தொகை மட்டும் போதும் என்றேன்.

அடுத்த கேள்வி, அதை எதால் வகுப்பது? 2011 மக்கள்தொகை பழசு. நான் பயன்படுத்துவது குடும்ப அட்டை எண்ணிக்கை. மாநிலப் பொது விநியோகத் திட்டத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாகக் கிடைக்கும். இதில் நமக்கு ஒரு கூடுதல் வசதி: விடுதியில் தங்கி வேலை பார்க்கிறவரின் அட்டை சொந்த ஊரிலேயே இருக்கும். ஃபிரிட்ஜ் விற்பவனுக்கு வேண்டியது ஆள் கணக்கல்ல, அடுப்பு எரிகிற வீட்டுக் கணக்கு. ரேஷன் அட்டை ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது.

இதற்குத் துணையாக நான் வைப்பது வண்டிப் பதிவு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எந்த மாதம் எத்தனை இருசக்கர வண்டி, எத்தனை கார் பதிவானது என்று நேற்று வரைக்கும் பார்க்கலாம். காஞ்சிபுரத்துக்கு டி.என். 21, ஸ்ரீபெரும்புதூருக்கு டி.என். 87, ராமநாதபுரத்துக்கு டி.என். 65. மாவட்டத்தைவிடச் சின்ன பரப்பு, மாதத்துக்கு மாதம் புதிய எண். கம்பெனிகள் தங்கள் தொழிலுக்கு மொத்தமாக வாங்கும் வண்டிகளைக் கழித்துவிட்டு, சொந்த உபயோகக் கார்களையும் ஸ்கூட்டர்களையும் மட்டும் பார்க்க வேண்டும். புதிதாகக் கார் வாங்கும் வீடு அநேகமாக இரட்டைக் கதவு ஃபிரிட்ஜும் வாங்குகிற வீடுதான். ஆர்.டி.ஓ. எல்லையும் வருவாய் மாவட்ட எல்லையும் எல்லா இடத்திலும் பொருந்தாது.

ஜி.எஸ்.டி. வசூலை அவன் எடுத்துக்கொண்டு வந்தான். மாதாமாதம் வருகிறது, மாநில வாரியாக. வரி எங்கே கட்டப்படுகிறது என்று சொல்லும். மாவட்டத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் சொல்லாது. அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

கேள்வி வேறாக இருந்தால் என் பதிலும் மாறும். கடை போடாமல், தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் பட்டறை போடப் போகிறவர் என்றால் உற்பத்தி எங்கே நடக்கிறது என்பதே அவருக்கு முக்கியம். அவருக்கு மாவட்ட உள்நாட்டு உற்பத்தியைத் தயங்காமல் காட்டுவேன். அதோடு ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பையும் பார்க்கச் சொல்வேன். மின்சாரத்தோடு இயங்கினால் 10 பேர், மின்சாரம் இல்லையென்றால் 20 பேர், அல்லது அதற்குமேல் வேலை செய்யும் பதிவு பெற்ற தொழிற்சாலைகள் இதுவரை வந்த கணக்குகளில் இருந்தன. தொழிற்சாலை எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். ஆனால் திருப்பூரில் வீட்டு மாடியில் ஆறு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் அதில் இருக்க மாட்டார். அவரைத் தேட, பதிவு பெறாத நிறுவனங்களுக்கான ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு மாவட்ட வாரியாக உடனே கிடைக்கும். 2020 ஜூலையில் தொடங்கியது. தொழில் செய்கிறவர் தாமே அறிவித்துப் பதிவதால், எண்ணிக்கை கூடுவதைப் பார்த்துத் தொழில் பெருகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஏற்றுமதி பற்றிப் பார்ப்பவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. சரக்கு எந்த மாவட்டத்திலிருந்து வந்தது என்று கப்பல் ஆவணத்தில் எழுதுவது 2020-இலிருந்து கட்டாயமானது. அதற்கு முன் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன திருப்பூர் பனியனை மாவட்டக் கணக்கில் தேடிப் பிடிப்பது கடினம்.

ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-இல் நடந்தது. ஏழாவது நடந்தும் முடிவுகள் வெளியாகவில்லை. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை கடை, எத்தனை பட்டறை, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த கணக்கு அது. அது வந்திருந்தால், ஒரு சிறு வியாபாரி இப்படி நாலு இடத்தில் எண்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்காது. மக்கள் வரியில் எடுத்த கணக்கு மக்கள் கைக்கு வராமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிலாளர் கணக்கெடுப்பு 2025 ஜனவரியிலிருந்து மாதம்தோறும் எண் தருகிறது. மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கும் முறையும் அப்போதுதான் வந்தது. இன்னும் சில ஆண்டுகள் போனால் மாவட்டக் கேள்விகளுக்கு இது முக்கியமான ஆதாரமாகும் என்று நம்புகிறேன். இன்றைய முடிவுக்கு மாநில அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எண்களுக்கு அப்பால், ஒரு மாவட்டத்தை அரை நாளில் புரிந்துகொள்ள வேண்டுமானால் விவசாயம், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு ஒவ்வோர் ஆண்டும் மாவட்டத்துக்கு ஒன்றாக வெளியிடும் வளம் சார்ந்த கடன் திட்ட அறிக்கையைப் படிக்கச் சொல்வேன். என்ன விளைகிறது, எந்தத் தொழில் இருக்கிறது, எதற்குக் கடன் போகிறது என்று வட்டாரம் தெரிந்தவர்கள் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரைப் பார்த்துப் பேசினால், அட்டவணையில் வராத பல விஷயம் தெரியவரும். இந்த இரண்டு படியையும் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள்.

அக்கா மகன் இப்போது ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டிருக்கிறான்: குடும்ப அட்டைக்கு எவ்வளவு வைப்புத்தொகை, ஆயிரம் அட்டைக்கு எத்தனை புதிய சொந்தக் கார், எத்தனை ஸ்கூட்டர். பன்னிரண்டு காலாண்டுக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் போன் பண்ணினான். ராமநாதபுரம் மாவட்டத்தில் சிறுநகர வரிசையைத் தனியாகப் பிரித்துப் பார்த்த பிறகு அவனுக்குக் காஞ்சிபுரத்தைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது. "மாமா, பரமக்குடியா கீழக்கரையான்னு பார்க்கணும். ஊர் வாரியா எண் எங்க கிடைக்கும்?" என்று கேட்டான். முன்னோடி வங்கி அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை காலையில் போகச் சொன்னேன். நானும் கூட வருகிறேன் என்றேன்.